மதலைமுத்து முடித்த ஒரே கோர்ஸ்

சாம்பல் புதன்கிழமை காலை, நெற்றியில் இட்ட சாம்பல் உதிர்வதற்குள் மதலைமுத்து ஒரு சபதம் செய்தார். பிரேசர் டவுனில் கோயிலிலிருந்து அவர் வீடு ஏழு நிமிட நடை. அந்த ஏழு நிமிடத்தில் சபதம் நன்றாக முற்றிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலின் நடுவில் நின்று அறிவித்தார்.

"மௌரீன், இந்த வருஷம் நாப்பது நாளும் சுத்தபோசனம். மீன் கிடையாது, முட்டை கிடையாது, கறி வாசனைகூட என் மேல படாது."

மௌரீன் தான் வேலை பார்க்கும் பள்ளியின் யூ.கே.ஜி. நோட்டுகளில் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"போன வருஷம் எத்தனை நாள்?"

"பதினொண்ணு."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அந்த வருஷம் சாம்பல் புதன் அன்னைக்கே ஃப்ரெண்ட் ராம்கி ரிசப்ஷன் வந்துடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். செருப்பைக் கழட்டுங்க."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மதலைமுத்துவின் ஐம்பத்தொன்பது வருட வாழ்க்கையில் தொடங்கியவை ஏராளம், முடிந்தவை சொற்பம். டைப்ரைட்டிங்கில் லோயரோடு நின்றார். கன்னடம் எழுதப் படிக்க முப்பது நாள் பாடப் புத்தகம் ஒன்று வாங்கினார். ஒன்பதாம் நாள் பக்கத்தில் வைத்த பஸ் டிக்கெட் இருபது வருடமாக அங்கேயே இருக்கிறது. டெலிபோன் இலாகா வேலையைக்கூட விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நடுவில்தான் விட்டார். டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினால் இவருக்கு இரண்டாம் நாளே உடம்பு தேறிவிடும். மீதி மாத்திரைகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். அரைக்கிணறு தாண்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இத்தனை தாண்டியும் ஒரு கிணற்றிலும் அவர் விழுந்ததில்லை என்பதுதான் ஆச்சரியம்.

வீட்டில் மூன்றாவது ஜீவன் கேசரி. மகள் டீனா புனேயில் வேலை கிடைத்துப் போகும்போது, "ஒரே மாசம்தாம்ப்பா" என்று விட்டுப்போன லாப்ரடார் நாய். அந்த ஒரு மாதம் நான்காவது வருடத்தில் நடந்துகொண்டிருந்தது. நிறத்துக்காக வைத்த பெயர். மதலைமுத்து எதைச் சொன்னாலும் கடைசி வரை கேட்கும். இடையில் கேள்வி கேட்காது. முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்துக்குப் பிறகு அப்படி ஒரு துணை கிடைத்ததை அவர் பெரிய வரமாக நினைத்தார்.

சபதத்தின் மூன்றாம் நாள், கத்திரிக்காயும் முருங்கைக்காயும் மாறி மாறி வந்ததில் மதலைமுத்துவுக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

"ஏன் மௌரீன், கேசரிக்கும் சுத்தபோசனமா?"

"அது என்ன ஞானஸ்நானமா வாங்கியிருக்கு?"

"அதைத்தான் நானும் சொல்றேன். வாயில்லா ஜீவன். நம்ம பாவத்துக்கு அது ஏன் தயிர்சாதம் திங்கணும்? தினம் கால் கிலோ கோழி போதும். நானே வாங்கறேன், நானே வேக வைக்கிறேன், நானே உப்பு பாத்து..."

"நாய்க்கு உப்பு போடக் கூடாது."

"சரி, வெந்திருக்கான்னு பாத்து."

இப்போதுதான் மௌரீன் தலையைத் தூக்கினாள். நாலு வயதுப் பிள்ளைகள் அடுத்தவன் டிபன் பாக்ஸுக்குப் போடும் திட்டங்களையெல்லாம் பார்த்துப் பழகிய கண்கள் அவை.

"தாராளமா வாங்கிப் போடுங்க. ஆனா என் அடுப்புல ஈஸ்டர் வரைக்கும் கறி வேகாது. பச்சையாவே போடுங்க. அதுக்குத்தான் பல்லு இருக்கே."

இப்படியாக மதலைமுத்துவின் நாக்குக்குப் போட்ட பாலம் முதல் தூணிலேயே இடிந்தது. இனிப் பின்வாங்கினால் மானம் போகும். தினமும் கோழி வாங்கிவந்து பின்கட்டில் துணி துவைக்கும் கல்லில் வைத்துத் துண்டு போட்டார். கையைக் குழாய்க்கு ஒருமுறை காட்டிவிட்டு லுங்கியில் துடைத்துக்கொண்டு, அதே கையால் ரஸ்க்கை எடுத்து டீயில் நனைத்தார். கேசரி பச்சைக் கோழியை விழுங்கிவிட்டு நன்றியோடு அவர் முகம் முழுவதையும் நக்கும். பச்சைக் கறிதான் நாய்க்கு இயற்கை உணவு, அதன் முப்பாட்டன் ஓநாய் என்று தெருவில் நான்கு பேருக்கு விளக்கமும் சொன்னார்.

ஒன்பதாம் நாள் ஓநாயின் பேரனுக்கு வயிற்றாலே போனது.

மிருக டாக்டரிடம் போகலாம். போனால் அரை நாள் போய்விடும். பிஸ்கட் டின்னோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் தூக்கி எறியச் சொல்லிப் போன கிறிஸ்துமஸுக்கே உத்தரவாகியிருந்தது. மதலைமுத்து பரண்மேல் ஒளித்து வைத்திருந்தார். பல் பிடுங்கியபோது மிஞ்சிய மாத்திரையில் பாதியை வாழைப்பழத்தில் செருகி, மௌரீன் பள்ளிக்குப் போன நேரத்தில் கொடுத்தார். இரண்டே நாளில் கேசரி வாலை ஆட்டியது. தேறின நாய்க்கு எதற்கு மருந்து? நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் மறுபடி கழிச்சல். இந்தத் தடவை தொண்டைப்புண்ணுக்கு வாங்கிய அட்டையிலிருந்து இரண்டு நாள். வால் ஆடியது, நிறுத்தினார். மூன்றாவது தடவை, எதற்கு வாங்கியது என்று அவருக்கே மறந்துபோன ஒரு மஞ்சள் மாத்திரை.

இந்த முறை வால் ஆடவில்லை. ஒரு காலையில் கேசரி பின்கட்டில் ரத்தமாகப் போய்விட்டு அப்படியே சுருண்டு கிடந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. கூப்பிட்டதற்குக் கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. நாற்பது கிலோவை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிய மதலைமுத்து, ஆட்டோவில் ஏறியபோதுதான் தான் பனியனோடு இருப்பதைப் பார்த்தார். மௌரீன் ஒரு சட்டையை அவர் தோளில் போட்டுவிட்டுக் கூட ஏறிக்கொண்டாள்.

மிருக டாக்டர் நிருபமா அதட்டிப் பேசுகிறவர் அல்ல. அதுதான் மதலைமுத்துவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சாப்பாடு என்ன சார் குடுத்தீங்க?"

"கோழி."

"வேக வெச்சா?"

மதலைமுத்து மௌரீனைப் பார்த்தார். மௌரீன் சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்தாள்.

"தவக்காலம் டாக்டர்," என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. "ஆன்டிபயாடிக் ஏதாவது குடுத்தீங்களா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. மேஜைமேல் கேசரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. டின், பரண், வாழைப்பழம் எல்லாவற்றையும் மனைவி முன்னால் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார். பாவசங்கீர்த்தனத்தில்கூட அவர் இவ்வளவு முழுசாகச் சொன்னதில்லை.

கழிச்சலைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நான்கு நாள் கேசரிக்கு முன்னங்காலில் ஊசி குத்தி பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. சால்மொனெல்லா கிருமி. அதற்குக் கீழே மருந்துகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆங்கில எழுத்து. மதலைமுத்து எட்டிப் பார்த்தார். வரிசையாக 'ஆர்', 'ஆர்', 'ஆர்'.

"இத்தனை ஆர் வந்திருக்கே. ஆர்னா ரைட்தானே டாக்டர்?"

"ஆர்னா ரெசிஸ்டென்ட் சார். அந்த மருந்தெல்லாம் இந்தக் கிருமிகிட்ட பலிக்காது. கிருமியைப் பாதி அடிச்சு விட்டீங்கன்னா மிஞ்சினது அடி வாங்கிப் பழகிடும். கோழிப் பண்ணையிலேயே கொஞ்சம் பழகி வந்திருக்கும். நீங்க மேல டியூஷன் எடுத்துட்டீங்க."

"நான் இருபத்தெட்டு வருஷமா டீச்சர்," என்றாள் மௌரீன், முதல் முறையாக வாயைத் திறந்து. "என் கிளாஸ்ல ஒரு வருஷம்கூட இவ்வளவு பாஸ் பர்சன்டேஜ் வந்ததில்ல."

"முதல் தடவை என்ன மருந்து டாக்டர் குடுத்திருக்கணும்?" என்று மெல்லிய குரலில் கேட்டார் மதலைமுத்து.

"ஒண்ணுமே வேணாம் சார். உடம்புல தண்ணி வத்தாம பாத்துக்கிட்டு, வெந்த சோறு குடுத்திருந்தா முக்கால்வாசி தானாவே சரியாயிருக்கும்."

பட்டியலில் கடைசியில் ஒரு மருந்துதான் மிச்சம். பதினான்கு நாள். காலை ஆறு, மாலை ஆறு. ஒரு வேளை தவறக்கூடாது, நாய் எழுந்து டான்ஸ் ஆடினாலும் நிறுத்தக்கூடாது. "இதுவும் ஆர் ஆயிடுச்சுன்னா என்கிட்ட வேற எதுவும் இல்ல சார்," என்றார் டாக்டர்.

மதலைமுத்து அந்தப் பதினான்கு நாளும் மனிதராகவே இல்லை, அலாரமாக இருந்தார். ஐந்தரைக்கே எழுந்து உட்கார்ந்துகொள்வார். கையுறை மாட்டிக்கொண்டு மாத்திரையை நாக்கின் பின்பக்கம் தள்ளி, விழுங்கும் வரை கழுத்தைத் தடவிக்கொடுப்பார். மௌரீன் ஃபிரிட்ஜில் ஒரு சார்ட் ஒட்டினாள். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு நட்சத்திரம். மூன்றாம் நாளே கேசரி வாலை ஆட்டியது. பழைய மதலைமுத்துவாக இருந்தால் அன்றோடு சரி. இந்த மதலைமுத்து அந்த வாலைப் பார்த்துப் பயந்தார். இருபத்தெட்டாவது நட்சத்திரத்தை ஒட்டியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் ஒரு கோர்ஸை முடித்திருக்கிறார்.

கேசரியின் அடுத்த இரண்டு ரிப்போர்ட்டும் சுத்தமாக வந்தன. மூன்றாவதும் அப்படியே வந்துவிட்டால் முழு விடுதலை. அந்தச் சந்தோஷத்தில் டாக்டர் நிருபமா பொதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்ல வேற யாருக்காவது வயிறு சரியில்லாம இருக்கா?"

"இல்ல," என்றார் மதலைமுத்து.

"இவருக்கு மூணு வாரமா," என்றாள் மௌரீன். "கேட்டா ஒருசந்தி இருக்கறதால வயிறு கடமுடாங்குதுங்கறாரு. ஒருசந்தி இருந்தா வயிறு காலியாத்தான் இருக்கும், பேசாது."

மதலைமுத்துவின் ரிப்போர்ட்டும் வந்தது. அதே கிருமி. அதே 'ஆர்' வரிசை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்த மாதிரி இருந்தது. குடும்ப டாக்டர் ஃபிராங்க்ளின் ரொம்ப நேரம் படித்துவிட்டு, காய்ச்சல் இல்லை, ரத்தம் போகவில்லை, அதனால் மருந்து தேவையில்லை, கஞ்சி குடித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் சில வாரத்தில் கிருமி தானே வெளியேறிவிடும் என்றார்.

"ஒரு மாத்திரைகூட இல்லையா டாக்டர்?"

"உங்களுக்கு எதுக்கு? பாதியில நிறுத்தவா?"

டாக்டர் நிருபமா சொன்னதுதான் பேரிடி. கேசரிக்குக் குணமாகி இப்போதுதான் வயிறு தேறிவருகிறது. சாரிடமிருந்து மறுபடி தொற்றிவிடக் கூடாது. சாரின் ரிப்போர்ட் சுத்தமாக வரும் வரை நாயையோ அதன் தட்டையோ அவர் தொடக்கூடாது.

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைப்பது என்று பழமொழி உண்டு. மௌரீன் அதைச் செய்தாள். கூடவே மதலைமுத்துவை மொட்டைமாடி அறையில் வைத்தாள். நாயிடமிருந்து மனிதனைப் பிரித்து வைப்பது ஊரில் நடப்பதுதான். மனிதனிடமிருந்து நாயைக் காப்பாற்றப் பிரித்து வைத்தது பிரேசர் டவுனிலேயே முதல் தடவையாக இருக்கும்.

தவக்காலம் முடிந்தது. ஈஸ்டர் வந்தது, போனது. மதலைமுத்து தன் வாழ்நாளில் முதல் முறையாக நாற்பது நாளையும் நிறைவேற்றி, அதற்கு மேலும் ஓடிக்கொண்டிருந்தார். கீழே கேசரிக்கு வேகவைத்த கோழியும் சோறும். "தவக்காலத்துல உன் அடுப்புல கறி வேகாதுன்னியே?" என்று முன்பே ஒருமுறை மாடியிலிருந்து கேட்டுப் பார்த்தார். "டாக்டர் சொன்னா அது மருந்து. கஞ்சியைக் குடிங்க," என்று பதில் வந்தது. கோழி வாசனை தினமும் படியேறி வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

வாசனையைக்கூடப் பொறுத்துக்கொண்டார். சாயங்காலம் ஆறு மணி ஆனால் கேசரி படியின் கீழே வந்து உட்கார்ந்து மேலே பார்க்கும். அவர் மேல்படியில் உட்கார்ந்து கீழே பார்ப்பார். பதினான்கு நாள் அந்தக் கழுத்தைத் தடவிய கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. முதல் மறுபரிசோதனையில் கிருமி இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவது வரும் திங்கட்கிழமை.

பக்கத்து மாடியில் செடிக்குத் தண்ணீர் விட வந்தார், பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசும் கோவிந்தப்பா.

"ஏனு சார், மேலயே மனே மாடிக் குடி வந்துட்டீங்களா?"

"ஆமா கோவிந்தப்பா. நாய் கீழ, நான் மேல."

"நாய் ரிப்போர்ட் ஏனாச்சு?"

"அது சுத்தம். நான்தான் அசுத்தம்."

"அஷ்டேனா, அவ்வளவுதானா சார்? அது சாம்பிள் பாட்டிலை நீங்க குடுங்க, உங்க பாட்டிலை அதுக்குக் குடுங்க. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்!" என்று கோவிந்தப்பா வாளி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

மதலைமுத்து சிரிக்கவில்லை. யோசித்தார்.

திங்கட்கிழமை காலை மௌரீன் கேசரியை நடத்திக் கூட்டிவந்தாள். அதன் மூன்றாவது சாம்பிளை பாட்டிலில் பிடித்துப் பின்கட்டுச் சுவரில் வைத்துவிட்டுக் கை கழுவ உள்ளே போனாள். மதலைமுத்து ஐஸ்கிரீம் குச்சியோடு பூனைபோல் படியிறங்கினார். கேசரியின் பாட்டிலிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் எடுத்தார். தன் பெயர் எழுதிய பாட்டிலில் இட்டு மூடி, முகத்தைத் தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி வைத்துக்கொண்டு, படியில் நின்றே மௌரீனிடம் நீட்டினார். அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னைக்கு நல்லா ஆயிருக்கே," என்றாள்.

"கஞ்சி," என்றார் அடக்கமாக.

ஒரு பாட்டில் மிருக ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாட்டில் மனிதர் லேபுக்கும் போயின. மதலைமுத்து மறுநாளே கேசரிக்குப் புதுக் கழுத்துப்பட்டி வாங்க நிறம் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை போன் வந்தது. ஹாலில் மௌரீன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மதலைமுத்து பாதிப் படி வரை இறங்கி வந்து காதைக் கொடுத்தார்.

"மேடம், லேப்லருந்து அனுஷா பேசறேன். மதலைமுத்து சார் சாம்பிள் பத்தி. கல்ச்சர் ரிசல்ட் வர இன்னும் ரெண்டு நாள் ஆகும். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். சாம்பிள்ல ஊதா கலர்ல மெழுகுத் துகள் நிறைய இருக்கு. நாங்க நாலு பேர் பாத்துட்டோம். கிரேயான் மாதிரி இருக்கு."

மௌரீன் போனைக் கையால் மூடிக்கொண்டு படியைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, களைப்புதான் தெரிந்தது.

"கேசரி சோத்துல மூணு நாளா ஊதா கிரேயான் துருவிப் போடறேன். விஷம் இல்லாதது, என் பிள்ளைங்க திங்கறதுதான். தெரு நாயோட சாம்பிள் கலந்துடாம அடையாளம் தெரியறதுக்கு நிருபமா டாக்டர் சொன்ன வழி. நான் தெரு நாய்க்காகப் போடல."

"மௌரீன், கோவிந்தப்பாதான்..."

"கோவிந்தப்பா சிரிச்சா கோல்ஸ் பார்க் வரைக்கும் கேக்கும். இது சுத்தம்னு வந்திருந்தா நீங்க வியாழக்கிழமை அதைக் கட்டிப் பிடிச்சிருப்பீங்க. திரும்ப வந்தா குடுக்கறதுக்கு ஒரே ஒரு மருந்துதாங்க இருக்கு. அதுவும் பலிக்குமோ என்னவோ."

மதலைமுத்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கேசரி கீழ்ப்படியில் நின்று வாலை ஆட்டியது. அதன் கண்ணைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. தன் கையாலேயே இரண்டாவது முறை அதைக் கொல்லப் பார்த்திருக்கிறார், அதுவும் பாசத்தால். கேசரி முதல் படியில் காலை வைத்தது. "வராதடா, அங்கயே இரு," என்று கையை நீட்டித் தடுத்துவிட்டு, அவரே இரண்டு படி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

போனில் அனுஷா இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? ரிப்போர்ட்ல எழுதணும். உங்க வீட்ல கிரேயான் திங்கற வயசுல குழந்தை யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க," என்றாள் மௌரீன். "வயசு ஐம்பத்தொம்பதுன்னு போட்டுக்குங்க."